குரல் இருக்கும்வரை

மெத்தைக் கடைக்கு வருகிறவர்கள் யாரும் மெத்தையை உற்றுப் பார்ப்பதில்லை. ஓரத்தில் உட்கார்ந்து லேசாக ஒரு குதி குதிப்பார்கள். பிறகு தங்கள் முதுகைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எந்தப் பக்கம் வலிக்கிறது, காலையில் எழுந்ததும் எப்படிப் பிடித்துக்கொள்கிறது, வீட்டில் யாரும் எப்படி நம்புவதில்லை. நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பொறுமையாகக் கேட்டாலே போதும், பில் போட்டுவிடலாம். அந்தக் கடையில் இருந்த காலத்தில் ஒரு மெத்தையைக்கூட நான் பொய் சொல்லி விற்றதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி நீங்கள் எழுதப்போகும் மற்ற எதையும் நான் திருத்தச் சொல்லமாட்டேன்.

என் தங்கை பாடகி. எந்தக் கம்பெனியையும் சேராதவள். பாட்டை அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டு, எங்கள் வீட்டுப் பின்னறையில் அவளே பதிவு செய்வாள். தையல் பிரிந்து கடைக்குத் திரும்பி வந்த மெத்தைகளை எடுத்து வந்து அந்த அறையின் சுவர்களில் சாய்த்துக் கொடுத்தது நான்தான். தெருச் சத்தம் உள்ளே வராது. உள்ளே அவள் மூச்சிழுப்பதுகூடத் துல்லியமாகக் கேட்கும். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பல் தேய்க்கும்போது தொடங்கினால் தூக்கம் வரும்வரை வாய் ஓயாது. அம்மா போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான் என்பதால் அத்தனையும் என் காதில்தான் விழும்.

பாடுவது அவள் வேலை, நாலு பேரைக் கேட்க வைப்பது என் வேலை என்று பிரித்துக்கொண்டோம். கடை வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக அதில் இறங்கினேன். உங்களுக்கு இந்தத் தொழில் தெரிந்திருக்காது. சுவரொட்டி அச்சடிப்போம், மறுநாள் அதன்மேல் தண்ணீர் லாரிக்காரர் தன் நம்பரை ஒட்டியிருப்பார். காபிக் கடைகளில் பாடுவாள். சரியாக உச்சஸ்தாயி போகும்போது ஜூஸ் மெஷினைப் போடுவார்கள். அவள் படம் போட்ட கோப்பைகள் செய்தோம். வாங்கியவர்களில் பாதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்கள், மீதிப் பாதிக்கு நாங்களே சும்மா கொடுத்தோம். போனில் பாட்டைப் போட்டால் "அருமை சகோதரி" என்று ஒரு கைகூப்பல் வரும். டிக்கெட் என்று பேச்செடுத்தால் அந்தக் கைகள் எங்கே போகுமோ தெரியாது.

எல்லாரும் செய்வதுபோல் நானும் செய்திருக்கலாம். போலிக் கணக்குகளைக் காசு கொடுத்து வாங்கி லட்சம் பேர் கேட்டதாகக் காட்டலாம். எங்களோடு கித்தார் வாசிப்பவர், தங்கையைக் கட்டிக்கொள்வதாக இருந்தவர், ஒருமுறை அதைத்தான் சொன்னார். "ஊரே பண்ணுதுக்கா, நாம மட்டும் என்னத்துக்கு யோக்கியம் பாக்கணும்?" என்றார். எனக்கு அது ஒத்துவராது என்று சொல்லிவிட்டேன். கேட்கிறவரை ஏமாற்றக் கூடாது.

ஒரு சாயங்காலம் பின்னறையிலிருந்து போனில் நேரலையாகப் பாடிக்கொண்டிருந்தாள். நடுவில் குரல் கிழிந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடியும் கிழிந்தது. சில வாரமாகவே கரகரப்பு இருந்தது. அவள் கித்தாரை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு போனைப் பார்த்து, "என் குரல் போயிடுமோன்னு பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

"அதை அழிச்சிடுக்கா, அசிங்கமா இருக்கு" என்று அன்றைக்கே சொன்னாள். சரி என்றேன். படுக்கப் போவதற்குமுன் இன்னொருமுறை போட்டுப் பார்த்தேன். அவள் இத்தனை வருடம் பாடியதில் எதுவும் அந்த ஒரு வரிக்கு ஈடாகாது என்று தோன்றியது. அழிக்கவில்லை. மேலே, "இந்தக் குரல் இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று எழுதிப் போட்டேன். அது ஒரு கேள்வி. கேள்வி பொய்யாகாது.

விடிந்து பார்த்தால் போன் சூடாகிக் கிடந்தது. பழைய பாட்டுகளையெல்லாம் தேடித் தேடிக் கேட்டிருந்தார்கள். முன்பு எங்கள் அழைப்பை எடுக்காத அரங்கக்காரர் ஒருவர் அவராகவே கூப்பிட்டு, "தங்கச்சி எப்படிம்மா இருக்கு, பாடற நிலைமையில இருக்குல்ல?" என்று விசாரித்தார். இருக்கிறாள் என்றேன். "அப்ப சீக்கிரம் வெச்சிடுவோம்" என்றார். அவர் குரலில் இருந்த அக்கறை எனக்குப் புரிந்தது. நானும் கடையில் அப்படித்தான் பேசுவேன்.

'குரல் இருக்கும்வரை' என்று நிகழ்ச்சிகளுக்குப் பெயர் வைத்தேன். ஊர் ஊராக அரங்கம் பிடித்தோம். டிக்கெட் அனைத்தும் போனது. சுமாராகக்கூட விற்காத கோப்பைகள் கேட்டுக் கேட்டு வாங்கப்பட்டன. தங்கைக்கு இதில் கூச்சம் இருந்தது, ஆனால் நிரம்பிய அரங்கத்தை முதன்முதலாகப் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் எனக்காகவாக்கா வந்திருக்காங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

தொண்டை மருத்துவரிடம் போகவேண்டும் என்று கித்தார்க்காரர்தான் நச்சரித்தார். போனோம். குழாய் விட்டுப் பார்த்தார்கள். மறுநாள் முடிவு கேட்கப் போனபோது தங்கை உள்ளே வர மறுத்துவிட்டாள். வெளியே நீலப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "நீ போய்க் கேட்டுட்டு வாக்கா. நீ சொன்னா தாங்கிக்குவேன். அவங்க வாயால கேட்க முடியாது" என்றாள். நானே கேட்டு வந்து சொல்லட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவளே கேட்டுக்கொண்டாள்.

மருத்துவர் நடுவயதுப் பெண். திரையில் படத்தைக் காட்டினார். ஈரமான இரண்டு வெள்ளை நூல்கள் மாதிரி இருந்தது.

"பயப்பட ஒண்ணுமில்லைம்மா. குரல் நாண் ரெண்டு பக்கமும் காய்ச்சுப் போயிருக்கு, அவ்வளவுதான். மூணு மாசம் பாட்டும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது. அப்புறம் நான் பயிற்சி சொல்லித் தர்றேன். பழையபடி பாடுவாங்க."

"பாடிக்கிட்டே இருந்தா?"

"போயிடும். கிழிஞ்சு தழும்பாயிட்டா அப்புறம் நானில்ல, யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ஏம்மா, எதுக்கு அப்படிக் கேக்கறீங்க?"

"தெரிஞ்சுக்கத்தான்" என்றேன். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நான் தாழ்வாரத்தில் நடந்து வரும்போதே அவள் எழுந்து நின்றுவிட்டாள். அவள் தோளில் கையை மட்டும் வைத்தேன். உடனே அழத் தொடங்கிவிட்டாள்.

"போயிடும்னு சொன்னாங்களா?"

"பாடிக்கிட்டே இருந்தா போயிடும்னு சொன்னாங்க."

இதில் ஒரு சொல் பொய் இல்லை. நீங்கள் அந்த மருத்துவரைக் கேட்டுப் பார்க்கலாம், கேட்டும் இருப்பீர்கள். தங்கை என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "பாடாம இருந்தா மட்டும் காப்பாத்திட முடியுமா, எப்படியும் போகத்தானே போகுது" என்றாள். அவள் என்னிடம் கேட்கிறாளா, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாளா என்பது எனக்குத் தெளிவாக இல்லை. தெளிவில்லாததற்கு நான் பதில் சொல்வதில்லை. வண்டியில் ஏறிய பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே, "போறதுக்குள்ள எவ்வளவு பாட முடியுமோ பாடிடறேன்கா" என்றாள். அவள் விருப்பத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை.

நீங்கள் என் இடத்திலிருந்து யோசிக்க வேண்டும். டிக்கெட் வாங்கியவர்கள் போகப்போகிற ஒரு குரலைக் கேட்க வந்தார்கள். மூன்று மாதம் கழித்து அவள் கணீரென்று பாடிக்கொண்டு வந்து நின்றால் அவர்கள் மூஞ்சியில் நாங்கள் எப்படி விழிப்பது? ஏமாற்றுக்காரர்கள் என்பார்கள். அந்தப் பெயரோடு அவள் அதற்குப் பிறகு ஒரு காபிக் கடையில்கூடப் பாட முடியாது. ஜூஸ் மெஷினுக்கு நடுவில் திரும்பவும் நிற்பதற்கு நாங்கள் இவ்வளவு தூரம் வரவில்லை.

மருத்துவமனையிலிருந்து, ஏன் திரும்ப வரவில்லை என்று கேட்டுக் கூப்பிட்டார்கள். வேறு இடத்தில் பார்க்கிறோம் என்றேன். ஆமாம், அது பொய்தான். ஆனால் அவர்கள் எங்களிடம் டிக்கெட் வாங்கியவர்கள் இல்லை.

நடுவில் அவளுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டாள். பேசக்கூடத் தெம்பில்லை. சுடுகஞ்சியும் போர்வையுமாக நான்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன். காய்ச்சல் விட்ட அன்று காலை குளியலறையிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. கரகரப்பு பாதிக்குமேல் போயிருந்தது. குரல் மேலே போய், அங்கேயே நின்று, மெதுவாக இறங்கி வந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் தலையில் துண்டோடு ஓடிவந்து, "கேட்டியாக்கா? ஓய்வு எடுத்ததுல சரியாகுதோ என்னமோ! இன்னும் கொஞ்ச நாள் சும்மா இருந்து பாக்கட்டுமா?" என்றாள். அவள் முகம் அவ்வளவு சின்னதாக, ஸ்கூல் போகிற பிள்ளை முகம்போல் ஆகியிருந்தது.

கடைசி நிகழ்ச்சி நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய அரங்கம். அதற்கு ஒரு திட்டம் வைத்திருந்தேன். டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவருக்கும் அவள் தன் குரலில், அவரவர் பெயரைச் சொல்லி, நன்றி சொல்லி ஒரு செய்தி அனுப்புவது. "இந்தக் குரல்ல உங்க பேரை ஒரு தடவை சொல்லிடறேன்" என்று தொடங்கும்படி எழுதிக் கொடுத்தேன். இப்படி ஒரு விளம்பரத்தை யாரும் செய்ததில்லை.

"சும்மா இருக்கறதை இது முடிஞ்சு பாத்துக்கலாம். உனக்காகக் காத்திருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லமாட்டியா?" என்று கேட்டேன். வாயாடி, ஆனால் யாரிடமும் மறுத்துப் பேசத் தெரியாதவள். பின்னறையில் போய் உட்கார்ந்தாள். நான் பெயர்களைப் படிக்கப் படிக்க அவள் சொன்னாள். காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை. பக்கத்தில் வெந்நீர் வைத்திருந்தேன். இரண்டாம் நாள் கைக்குட்டையில் லேசாக ரத்தம் இருந்தது. காட்டினாள். "முடிச்சிடலாம், இன்னும் கொஞ்சம்தான்" என்றேன். ஒரு பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டால் அவளே திரும்பச் சொல்வாள். அந்தச் சிரத்தை அவளிடம் எப்போதும் உண்டு. சிலருக்குப் பெயரே தெரியாமல் பட்டப்பெயர் மட்டும் இருந்தது. அதையும் சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு வெறும் காற்றாக வந்தது.

அரங்கத்தில் மூன்றாவது பாட்டில் குரல் போனது. கிழிந்து திரும்பி வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. அவள் மைக்கைப் பிடித்தபடி வாயைத் திறந்து திறந்து மூடினாள். கித்தார்க்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவளிடம் ஓடினார். கூட்டம் எழுந்து நின்றது. கைதட்டல் நிற்கவேயில்லை, பலர் வாய்விட்டு அழுதார்கள். மக்கள் எதற்காகக் காசு கொடுத்தார்களோ அதை முழுதாக வாங்கிக்கொண்டு போனார்கள். இந்தத் தொழிலில் அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடியவர்கள் அதிகம் இல்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு போய் அதே மருத்துவரிடம் காட்டியது கித்தார்க்காரர்தான். நான் நிகழ்ச்சியைப் போனில் நேரலையாகக் காட்டும் வேலையில் இருந்தேன். அந்த அம்மாள் அவர்கள் இருவரையும் உட்கார வைத்து, "உங்க அக்காகிட்ட அன்னைக்கே சொன்னேனே" என்று ஆரம்பித்திருக்கிறார்.

மறுநாள் தங்கை மருத்துவமனையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தாள். நான் பின்னறையில் இருந்தேன். கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் நின்றாள். வாய் அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு, முகம் சிவந்து, என் தோள் இரண்டையும் பிடித்து உலுக்கி, கத்தினாள் என்று நினைக்கிறேன். அந்த அறையில் எல்லாம் துல்லியமாகக் கேட்கும் என்று சொன்னேன் இல்லையா, காற்று வந்து போவது மட்டும் கேட்டது. கித்தார்க்காரர் வந்து அவளைப் பிரித்து அழைத்துப் போனார். போகும்போது அவர் என்னிடம், "நீங்க மனுஷியாக்கா?" என்றார். அக்கா என்று சொல்வதை அப்போதும் விடவில்லை. நல்ல பையன். ஜன்னலோரம் நிறுத்தி வைத்திருந்த போனில் அவள் வந்தது முழுவதும் பதிவாகியிருந்தது. வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது. அன்று மாலையே அதைப் போட்டேன். அவள் பாட்டுகளில் எதையும் அவ்வளவு பேர் பார்த்ததில்லை.

ஆகவே, ஆமாம். குணமாகும் என்று தெரியும். எப்படிக் குணமாகும் என்றும் தெரியும். தெரிந்தே சொல்லாமல் இருந்தேன். தெரிந்தே பெயர்களைப் படித்துக் கொடுத்தேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். புகாரில் அவள் என்னை ஒருநாளும் மன்னிக்க மாட்டாள் என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அது கித்தார்க்காரரின் நடை. என் தங்கையை எனக்குத் தெரியும். மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள், கோபம் இருந்தால் என்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருப்பாள். இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.