கையைப் பின்னால் கட்டிய கணினி மருத்துவச்சி

மேடையில் என்னோடு அமர்ந்திருக்கும் சங்கப் பொறுப்பாளர்களே, இந்த மாடி அறையை நமக்கு விட்டுக்கொடுத்திருக்கும் சைக்கிள் கடை முதலாளி அவர்களே, வீட்டுக் கணினி பழுதானபோது போக்கிடம் இல்லாமல் இங்கே வந்து, பழுது நீங்கிய பிறகும் போக மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்ட என் அருமை உறுப்பினர்களே, கனத்த நெஞ்சோடு உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

நம் கணினிச் சங்கத்தின் தலைவர், ஆயுளின் பாதியைப் பிரசவ வார்டில் கழித்த செவிலியர், நாம் எல்லோரும் சேர்ந்து 'கணினி மருத்துவச்சி' என்று பட்டம் சூட்டிய நர்ஸக்கா இன்று நம்மோடு இல்லை. போன மாதம் இதே அறையில் யாருடைய பிரிண்டரையோ திட்டிக்கொண்டிருந்தவர், இன்று படமாக இந்த மேசைமேல் இருக்கிறார். இதை நான் எப்படி நம்புவேன்? நீங்கள்தான் எப்படி நம்புவீர்கள்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவின் கணவரை, நம் பட்டறைக்கார மாமாவைக் காணோமே என்று படியேறும்போதே பலர் கேட்டீர்கள். அவர்களுடைய ஒரே மகளுக்கு, கடல் தாண்டிய ஊரில், இன்று காலை பிரசவ வலி எடுத்துவிட்டது. மாமா வீட்டில் கணினி முன்னால் தனியாக உட்கார்ந்து மகளுக்குத் துணையிருக்கிறார். போன மாதம்வரை மவுஸைத் தொட்டே அறியாத மனிதர்! நடுவில் இணைப்பு அறுந்தால் அவரே மறுபடி இணைக்க வேண்டும். கூட்டத்தைத் தள்ளிவைக்கட்டுமா என்று கேட்டேன். "உங்க வேலையைப் பாருங்க தம்பி, என் வேலையை நான் பாத்துக்கிறேன்" என்றார். ஆகவே பேசுகிறேன். பாதி மனம் அங்கேதான் இருக்கிறது.

நண்பர்களே! நம் சங்கத்துக்கு இருப்பது ஒரே ஒரு விதி. அது அக்கா போட்ட விதி. பழுதான கணினியை அதன் சொந்தக்காரரைத் தவிர யாரும் தொடக்கூடாது. உதவி செய்ய வந்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயால் மட்டும் சொல்ல வேண்டும். அச்சகத்தில் வேலை பார்த்தவன் நான். கேட்ட வேலையை நேற்றே முடித்துக் கொடுத்திருக்க வேண்டும் என்று அதட்டுகிறவர்களிடம் வளர்ந்தவன். எனக்கு இது எப்படிப் பிடிக்கும்? கைகட்டி நிற்காதே என்று ஒரு தலைமுறையே மேடை போட்டு முழங்கிய மொழியில், ஒரு சங்கம் முழுவதையும் கைகட்டி நிற்க வைத்தவர் இந்த அம்மையார் ஒருவர்தான்!

நம் தையல்காரர் முதன்முதலில் வந்த நாள் நினைவிருக்கிறதா? கணினியைத் துணிமூட்டையோடு மூட்டையாகக் கட்டித் தூக்கி வந்தார்.

"நல்லாத்தான் ஓடுதுக்கா. கொஞ்ச நேரத்துல பொசுக்குனு அணைஞ்சுடுது. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடவா?"

உடனே ஆளுக்கொரு வைத்தியம். வைரஸ் என்றார் ஒருவர். மின்சாரம் சரியில்லை என்றார் இன்னொருவர். அக்கா மட்டும் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, நோயாளியைப் பார்க்கிற மாதிரி அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு மாசமா."

"வீட்ல எங்க வச்சிருக்கீங்க?"

"துணி வெட்டுற மேசைக்கு அடியிலக்கா."

"மூச்சு விட இடம் இருக்கா அதுக்கு?"

தையல்காரர் தலையைச் சொறிந்தார். அக்கா எழுந்து நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஸ்க்ரூ டிரைவரை எடுங்க. பக்கத்து மூடியைக் கழட்டுங்க."

"நானாக்கா?"

"பின்ன நானா? உங்க புள்ளையை நான் பெத்துக் குடுக்க முடியுமா? பக்கத்துல நிக்கத்தான் முடியும். கழட்டுங்க."

கழற்றினார். உள்ளே காற்றாடி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எல்லா நிறத்திலும் பஞ்சும் நூல்பிசிறும் அடைத்துக்கொண்டிருந்தன. தையல்காரர் அதை வழித்து எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு தலையணையே தைக்கலாம் போலிருக்கே" என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் கீழே சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தத் தையல்காரர்தான் இன்று நம் செயலாளர். தூசி அடைத்த பெட்டி எது வந்தாலும் அவரிடம்தான் அனுப்புகிறோம்.

இருந்தாலும் நான் விடவில்லை. பொதுக்குழுவில் எழுந்து, "ஒரு கிளிக்ல முடியுற வேலையை ஒரு சாயங்காலம் பூரா இழுக்கிறீங்களேக்கா, இது என்ன நியாயம்?" என்று கேட்டேன்.

"தம்பி, நீங்க கிளிக் பண்ணா உங்க கைக்குத்தான் ஞாபகம் இருக்கும். வீட்டுக்குப் போறது அவங்க கை" என்றார்.

ஓட்டெடுப்பு நடந்தது. விதியை நீக்க வேண்டும் என்று உயர்ந்தது என் கை மட்டும்தான். இன்றும் சொல்கிறேன், அதில் எனக்கு முழு உடன்பாடு கிடையாது. அக்காவோடு எனக்குப் பிடித்ததே அந்தச் சண்டைதான். இனி யாரோடு நான் சண்டை போடுவேன்?

இப்படிப்பட்ட அக்காவை ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கையும் களவுமாகப் பிடித்தேன்! ஒரு ஒயர் இரவல் வாங்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, கணினி முன்னால் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். கை இரண்டும் மடியில். அக்கா குனிந்து நின்று, பெட்டியை முடுக்கி, மகளை அழைத்து, ஒலியைக் கூட்டி, எல்லாவற்றையும் தானே செய்துகொண்டிருக்கிறார்!

"அக்கா! என்ன அநியாயம் இது? விதி எங்க போச்சு?"

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னார். "தம்பி, எனக்கு அடுப்புப் பத்த வைக்கக்கூடச் சரியா வராது, தெரியுமா? வேலை முடிஞ்சு நான் எந்த நேரத்துக்கு வந்தாலும் தட்டுல சாப்பாடு சூடா இருக்கும். நீயே செஞ்சு பழகிக்கோன்னு இந்த மனுஷன் ஒரு நாள் சொன்னதில்ல. இவருகிட்ட மட்டும் நான் எப்படிச் சொல்லுவேன்?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மாமா சொன்னார்: "சர்க்கரை டப்பா எங்க இருக்குன்னுகூட இவளுக்குத் தெரியாது தம்பி."

அவர் சமையலறைக்குள் அக்காவை விட்டதில்லை. இவர் கணினியிடம் மாமாவை விட்டதில்லை. இதற்குப் பெயர் அன்பு என்றால், இதைவிடப் பெரிய அன்பை நான் எங்கே போய்த் தேடுவது?

அந்த அக்கா போய்விட்டார். நிறைமாதக் கர்ப்பிணியான மகளால் வர முடியவில்லை. கணினிமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார் மாமா. அப்போதுதான் மகள் எனக்குப் போன் செய்து அழுதாள். "வலி எடுத்ததுலேர்ந்து திரையில கூடவே இருக்கேன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. இப்ப அப்பாவாவது இருக்கணும். ஒண்ணும் பேச வேண்டாம். இருந்தா போதும்."

தையல்காரரும் நானும் ஓடினோம். மாமா துண்டை எடுத்தார். "போட்டுக் குடுத்துட்டுப் போங்க தம்பி, நான் உக்காந்து பாத்துக்கிறேன்" என்றார். என் கை நீண்டுவிட்டது. ஏன் நீளாது? அக்காவே அவருக்கு விலக்குக் கொடுத்திருந்தாரே! துக்கத்தில் இருக்கும் மனிதரைப் போட்டு வதைப்பதா? ஆனால் தையல்காரர் என் காதில் கேட்டார்: "வலி வர்ற அன்னிக்கு நடுவுல கட் ஆனா? அந்தப் பொண்ணு பிரசவ ரூம்ல இருக்கும்போது நீங்களும் நானும் இங்க உக்காந்திருக்க முடியுமா?"

நியாயம்தானே? பிள்ளை பெறும் இடத்தில் அச்சகக்காரனுக்கும் தையல்காரருக்கும் என்ன வேலை? அங்கே இருக்க உரிமையுள்ளவர் ஒரே ஒருவர். அவருக்கோ அந்தப் பெட்டியை முடுக்கத் தெரியாது.

இரண்டு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டோம்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், பட்டறையில் இரும்பை மயிரிழை பிசகாமல் கடைந்த கை, மவுஸைப் பிடித்தால் குறி தவறி எங்கெங்கோ போய் அழுத்தியது. அழைத்தார், தானே துண்டித்தார். மறுபடி அழைத்தார். மகள் வந்தாள். "அப்பா, உங்க நெத்தி மட்டும்தான் தெரியுது" என்றாள். மாமா கேமராவைக் கீழே சாய்த்தார். முகம் முழுவதும் தெரிந்தபோது, அவருக்குப் பக்கத்தில் யாரும் குனிந்து நிற்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அப்பாவும் மகளும் அழுதார்கள். நாங்கள் வாசலுக்குப் போய்விட்டோம்.

அடுத்த நாளும் போனோம், அதற்கடுத்த நாளும் போனோம். இணைப்பு ஒயரைப் பிடுங்கச் சொன்னோம். அவரே பிடுங்கி, அவரே சொருகி, அவரே மகளை மீண்டும் அழைத்தார். திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லிக் கடைசியில் அவர் பொறுமை போயிற்று. "போதும்யா, உங்க வீட்டுக்குப் போங்கய்யா!" என்று எங்களை விரட்டினார். என் வாழ்நாளில் என்னை இத்தனை மகிழ்வித்த வசவு வேறு இல்லை.

அக்கா! உங்களை எதிர்த்து ஓட்டுப் போட்டவன் சொல்கிறேன். இந்த அறை பூட்டிக் கிடக்காது. பயந்து வருகிறவரை நாற்காலி போட்டு உட்கார வைப்போம். எத்தனை நாளாக என்று கேட்போம். எவ்வளவு நேரம் ஆனாலும் பக்கத்தில் நிற்போம். என் கை அவசரப்பட்டால் தட்டிவிடுங்கள் என்று இந்தச் சபையிடமே உரிமை கொடுக்கிறேன்.

இணைப்பு அறுந்து உங்களால் முடியாமல் போனால் மட்டும் கூப்பிடுங்கள், ஓடி வருகிறோம் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறோம். மேடை ஏறும்போது கைபேசியை அணைக்கச் சொன்னார்கள். நான் அணைக்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். இதோ, ஒலிவாங்கிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். காலையிலிருந்து இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாமா இன்னும் கூப்பிடவில்லை, அக்கா.