மெதுவாக வரும் காற்று

சென்னைக் கப்பலுக்கு டிக்கெட் எடுக்கும் வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் தீவின் ஹேடோ துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் நின்றார். கூடவே, சூரியக் காற்றைப் பற்றிய ஆராய்ச்சியைப் பாதியில் விட்டு வீடு திரும்பியிருந்த அவர் மகள்.

“சூரியன்லேருந்து மெதுவா வர்ற காத்து எந்த இடத்துல கிளம்புதுன்னு என்னால சொல்ல முடியலப்பா.”

“வேகமா வர்றது?”

“அதுக்கு இடம் தெரியும்.”

“அப்ப அத எழுதிக் குடு, மக்ளே.”

“அத எப்பவோ எழுதிட்டாங்க.”

“கப்பல் வந்த வழிய வச்சு கிளம்புன இடத்தப் பாக்க மாட்டாங்களா? அப்பிடிப் பாரு.”

“அப்பிடித்தான் பாத்தேன். சூரியன் நிக்காம சுத்துது. வழியில வேகமான காத்து பின்னால வந்து இதோட முட்டிக் கலந்துடுது. நான் காட்டுன இடம் தப்புன்னுட்டாங்க. கைடு இனி கையெழுத்துப் போடமாட்டாரு.”

“எக்ஸ்டென்ஷன் கேப்போம்.”

அதற்கும் அதே கையெழுத்துதான் வேண்டும்.

கவுன்டர்காரர் எட்டிப் பார்த்தார். “ஹவா தேஸ் ஹை. ஜஹாஜ் கேன்சல்.”

காற்று பலமாம், கப்பல் கிடையாதாம். வரிசை கலைந்தது. அவர் மட்டும் குனிந்து, மறுநாளைக்கு இடம் பிடிக்க, ஜன்னலுக்குக் கீழே ஒரு கல்லை வைத்தார்.

“நாளைக்கு நாமதான் ஃபர்ஸ்ட், மக்ளே.”

“போயி?” என்றாள் மகள்.

அவர் கல்லைச் சற்று நகர்த்தி நேராக வைத்தார்.