அறுபத்து மூன்றாவது பொட்டலம்

— வேணாம் சாமி, சத்தியமா வேணாம். இன்னும் ஒரு பருக்க உள்ள போச்சுன்னா இந்தக் காக்கிச் சட்ட பட்டன் தெறிச்சு ஒன் கண்ணாடியிலதான் வுழும்.

— ஒரே ஒரு பொட்டலம்ப்பா, கபாலி. அறுபத்திரண்டு போயாச்சு. இது ஒண்ணும் போயிடுத்துன்னா மேஜையை மடக்கிண்டு நான் பாட்டுக்கு மாடிக்குப் போயிடுவேன்.

— காலைலேர்ந்து இன்னா துன்னேன்னு கேளு. ரோடு பூரா தடுப்பு போட்டாங்க, வண்டி எடுக்க முடியல. ஆட்டோலயே குந்திக்கினு வர்றவன் போறவன் குட்த்ததெல்லாம் துன்னேன். கேசரி ரெண்டு, பொங்கலு மூணு, சுண்டலு கணக்கே இல்ல, மோரு அஞ்சு. அறுபத்துமூவர் அன்னிக்கி மயிலாப்பூர்ல பசியோட ஒர்த்தனத் தேடறியே, மீட்டர் போட்டு ஓட்டற ஆட்டோக்காரனத் தேடற மாதிரி கீது.

— அப்படிச் சொன்னா எப்படி? யாராவது ஒருத்தர் வராமலா போயிடுவா? அதோ, அந்தச் சிகப்புச் சட்டைக்காரரைக் கேளேன்.

— அண்ணே! ஓ அண்ணே! பசிக்குதா? ...பாத்தியா சாமி, வாயால பதில் சொல்லல. ஏப்பத்தாலயே சொல்லிட்டுப் போறாரு.

— அப்போ இன்னொருத்தரைக் கேளு.

— சரி, பேஜாரே வேணாம். எனக்குப் பசிக்குது. குடு.

— இப்பத்தான் பட்டன் தெறிக்கும்னே. பொய் சொல்லி வாங்கப்படாது.

— அப்ப கட்டிக் குடு. ஊட்டாண்ட எட்த்துனு போய் ராத்திரிக்கித் துன்றேன்.

— தயிர் சாதம்ப்பா, ராத்திரிக்குப் புளிச்சுப் போயிடும். அதோட என் ஆத்துக்காரி அபயாம்பாள் வச்ச சட்டம்னு ஒண்ணு இருக்கே. முப்பத்தோரு வருஷமா மூணே மூணு சட்டம். ஆள் பாத்துக் குடுக்கப்படாது. யாரையும் வற்புறுத்தப்படாது. வாயைத் தொறந்து பசிக்கிறதுன்னு சொல்றவாளுக்குத்தான் குடுக்கணும். அறுபத்துமூணும் தீந்தப்பறம்தான் நான் சாப்பிடணும்.

— அது நாலு சாமி.

— நாலாவது நேக்கு மட்டும்.

— வற்புறுத்தக் கூடாதுன்ற, அந்த ஹெல்மெட்டு ஆள தெருமுன வரைக்கும் தொரத்திக்கினு போனியே, அது இன்னா?

— தொரத்தலையே. அவர் ஓடினார். நான் கேட்டுண்டே கூடப் போனேன்.

— நல்லா கேட்ட. அந்தாளு திரும்பி வந்து வண்டிய எடுக்கவே பயந்துக்கினு டீக்கடையில ஒக்காந்துனு கீறாரு.

— ஆள் பாத்துக் குடுக்கப்படாதுங்கறதுக்காக என் சொந்த மச்சினியையே காலம்பற வெய்யில்ல வரிசையில நிக்க வச்சேன், தெரியுமோ? கோவிச்சுண்டு எதுத்த பந்தல்ல பொங்கல் வாங்கிண்டு போயிட்டா.

— இது சோறா, சட்டசபையா சாமி? மணி நாலாவுது. காலைலேர்ந்து ஒன் பல்லுல பச்சத்தண்ணி படல. நீயோ சக்கர வியாதிக்காரன். இந்தா ரோஸ்மில்க்கு. முக்குல நிக்கற பசங்க ஒனக்குன்னு குட்த்தானுங்க.

— நேக்கு ஒண்ணும் வேண்டாம்.

— விசிறியாச்சும் வாங்கிக்க. அந்தச் சேட்டம்மா குட்த்துது.

— நேக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா.

— இன்னா நாயம் இது? எல்லாரும் ஒன்கிட்ட வாங்கணும். நீ ஒர்த்தர்கிட்டயும் வாங்க மாட்டியா?

— என்கிட்ட வாங்கினவா யாராவது வருத்தப்பட்டாளா, சொல்லு. அந்த ட்ராபிக் போலீஸ்காரர் ஒரு வாய் போட்டுண்டு 'அமிர்தம்'னார். ஜீன்ஸ் போட்டுண்டு ஒரு பொண்ணு வந்துதே, அது கண்ணை இறுக்க மூடிண்டு முழுங்கித்து. அவ்வளவு பக்தி!

— ஆமா ஆமா. நான்கூட கண்ண மூடிக்கினுதான் முழுங்கினேன்.

— முதல் தடவையா நானே வடிச்சு, நானே பெசஞ்சது. பேசாம இந்தக் கடைசிப் பொட்டலத்தைப் பிரிச்சு ஒரு வாய் ருசி பாக்கலாமான்னுகூட சபலம் தட்டறது.

— அய்யய்யோ, நீ துன்னாத சாமி!

— ஏன் இப்படி அலர்றே?

— இல்ல... ஒன் சட்டம் இன்னாத்துக்கு ஆவறது? அதான்.

— என்ன சத்தம் இங்க? கீழ் வீட்டுல ஜபமாலை சொல்லிட்டிருக்கேன், 'துன்னாத துன்னாத'ன்னு நடுவுல வந்து விழுது.

— வாங்கோ டோரதி டீச்சர். பசிக்கிறதா?

— மனுஷங்களைப் பார்த்தா 'எப்படி இருக்கீங்க'ன்னு கேப்பாங்க சங்கரன் சார்.

— எப்படி இருக்கேள்? பசிக்கிறதா?

— இது எனக்குத் தவக்காலம் சார். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. அந்த ஒரு வேளையும் காலையிலயே உங்க மூணாவது பொட்டலத்தோட முடிஞ்சுது. என் ஆயுசுலயே அப்படி ஒரு தவம் பண்ணினதில்ல.

— பாத்தியா கபாலி, டீச்சரே சொல்லிட்டா... ஏன் இந்த மேஜை இப்படி ஆடறது?

— மேஜ ஆடல சாமி. நீதான் ஆடற. டீச்சரம்மா, புடி, புடி! அந்த ஸ்டூல எட்த்தாந்து போடு.

— உக்காருங்க சார். உள்ளங்கையெல்லாம் ஜில்லுனு வேர்த்திருக்கு. இந்த பிஸ்கட்டை வாயில போடுங்க.

— நேக்கு ஒண்ணும்...

— 'வேண்டாம்'னு முடிச்சீங்கன்னா பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சிடுவேன். முப்பத்தஞ்சு வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவ நான்.

— கோவிச்சுக்காதீங்கோ டீச்சர். அவ போய் ஒன்றரை வருஷம் ஆறது. போன வருஷம் தீட்டுன்னு ஒண்ணும் பண்ணலை. இந்த வருஷமாவது அவ பண்ணின மாதிரியே முடிக்கணும்னு நெனச்சேன். ஒத்தைப் பொட்டலத்துல நின்னுபோச்சு. இதைக்கூட ஒழுங்கா முடிக்கத் தெரியலேன்னா அந்த ஆத்துல நான் ஒருத்தன் எதுக்கு, சொல்லுங்கோ?

— கபாலி, நான் சொல்லிடப் போறேன்.

— டீச்சரம்மா, வேணாம்! அறுபத்திரண்டு பேரு பட்ட கஷ்டம் வீணாப் பூடும்.

— உடம்பு முக்கியம் கபாலி. சார், கொஞ்சம் கவனிங்க. அபயாம்பாள் பொட்டலம் கட்டும்போது பக்கத்துல உக்காந்து இலை துடைச்சுக் குடுத்தவ நான். வருஷா வருஷம் நீங்க கீழ கொண்டு வந்தது எத்தனை?

— அறுபத்துமூணு.

— எண்ணிப் பார்த்தீங்களா?

— அவதான் எண்ணிக் கூடையில அடுக்குவா. நான் ஏன் எண்ணணும்?

— கூடையில அறுபத்திரண்டுதான் இருக்கும். ஒண்ணை அடுப்பு மேடையில எடுத்து வச்சிடுவா. நீங்க எல்லாத்தையும் குடுத்துட்டு மேல போனதும் அதைப் பிரிச்சு உங்க தட்டுல போடுவா. முப்பத்தோரு வருஷமா அந்த அறுபத்துமூணாவது ஆள் நீங்கதான் சார்.

— ...நானா?

— நீங்கதான்.

— கள்ளி! ஒரு வார்த்தை சொல்லலையே!

— சொன்னா வாங்கியிருப்பீங்களா? நான் ஒன்றரை வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம ஆப்பம் எடுத்துட்டு வந்து உங்க கதவைத் தட்டறேன். ஒரு சாண் திறந்து 'நேக்கு ஒண்ணும் வேண்டாம்'. டப்புனு சாத்திடறீங்க. கீழ போய் நான் ஒருத்தியா உக்காந்து எட்டு ஆப்பத்தையும் தின்னுட்டிருக்கேன். என் எடை என்னன்னு தெரியுமா உங்களுக்கு?

— எட்டு ஆப்பமா டீச்சரம்மா? என்னக் கூப்ட்ருக்கலாமே!

— நீ சும்மா இரு கபாலி.

— சரி, நான் சும்மா கீறேன். சாமி, நீ எந்திரி. மெதுவா. மேசைக்கு இந்தாண்ட வந்து நில்லு. நான் அந்தாண்ட போய்க்கறேன். ஆங், இப்ப சொல்லு. பசிக்குதா?

— நேக்கு ஒண்ணும் வேண்...

— குட்க்க முடியாது. அடுத்த ஆளு வா!

— எனக்குப் பின்னாடி யாரும் இல்லையேப்பா.

— ஆள் இல்லன்னாலும் வரிச வரிசதான். ஆள் பாத்துக் குட்க்க மாட்டேன். நீ மேல்மாடி சாமின்றதுக்காவ ஒனக்கு ஒரு சலுகையும் கெடையாது. வற்புறுத்தவும் மாட்டேன், ஒன் இஷ்டம். வாயத் தொறந்து சொன்னா சோறு.

— சார், சொல்லுங்களேன். ஒரு வார்த்தைதானே?

— வர மாட்டேங்கறது டீச்சர்.

— டீச்சரம்மா, மேசைய மடிச்சிரட்டா?

— இரு கபாலி... பசிக்கிறது.

— கேக்கல சாமி.

— பசிக்கிறதுப்பா! ஒன்றரை வருஷமா பசிக்கிறது!

— இந்தா. ரெண்டு கையாலயும் வாங்கிக்க. குந்து. டீச்சரம்மா, நீங்க அந்தப் பக்கம் பாருங்க. நான் கோபுரத்தப் பாக்கறேன்.

— என்னத்துக்கு ரெண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கறேள்? ம்... ம்ம்... கபாலி.

— இன்னா சாமி?

— இதுல உப்பு இல்லை.

— ஊறுகா தொட்டுக்க.

— நார்த்தங்காய் அறுபத்திரண்டோட தீந்துபோச்சு. கபாலி, உப்பு கம்மி இல்லைப்பா. இல்லவே இல்லை. நான் போடவே இல்லை!

— தெரியும் சாமி. மொதப் பொட்டலமே நான்தானே துன்னேன்.

— டீச்சர், உங்களுக்கு?

— அதான் தவம்னு சொன்னேனே சார். காலையிலயே சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். 'அபயாம்பாள் கைப்பக்குவம் அப்படியே வந்துடுத்து டீச்சர்'னு கண்ணைத் துடைச்சுக்கிட்டீங்க. மூடிக்கிட்டேன்.

— அப்போ அந்தப் போலீஸ்காரர்? அமிர்தம்னாரே?

— நேரா என் ஆட்டோவாண்ட வந்து ஒரு பாட்டிலு தண்ணிய ஒரே மூச்சுல காலி பண்ணாரு. 'பெரியவர்கிட்ட சொல்லித் தொலைக்காதே'ன்னுட்டு விசிலு ஊதிக்கினு போய்ட்டாரு.

— ஜீன்ஸ் போட்டுண்ட பொண்ணு?

— அது போயி அதோட சிநேகிதிங்க நாலு பேர இட்டுக்கினு வந்துச்சே, பாக்கல? 'தாத்தா மேசையாண்ட கூட்டமே இல்லடி, பாவம். பசிக்குதுன்னு சொல்லணும், மறந்துடாதீங்க'ன்னு சொல்லிக் குட்த்துது. அஞ்சும் ஊறுகாய நக்கிக்கினே சோத்த முடிச்சிதுங்க.

— அறுபத்திரண்டு பேர். ஒருத்தராவது மூஞ்சியைச் சுளிச்சாளா?

— ஒன் எதிர்ல ஒர்த்தருமே சுளிக்கல சாமி.

— நான்னா அவாளுக்குச் சாதம் போட்டேன்னு நெனச்சுண்டிருந்தேன்.

— வச்சிடுங்க சார். உப்பில்லாம எப்படிச் சாப்பிடுவீங்க? நான் போய் உப்பு ஜாடி எடுத்துட்டு வரேன்.

— வேண்டாம் டீச்சர். இதை இப்படியேதான் சாப்பிடணும். ஆனா...

— ஆனா?

— இந்த ஞாயித்துக்கிழமை ஆப்பத்துக்கு உப்பு போடுவேளோன்னோ?