முழங்கை நீளக் கேபிள்

அந்த வீடியோ விளையாட்டுப் பெட்டிக்கு ஒரே ஒரு பென்சில் பேட்டரி போதும், ஏகாம்பரம் அண்ணா. ஒன்று போட்டால் ஒரு மாதம் ஓடும். உங்கள் தங்கையின் டிரங்குப் பெட்டியில் அதைப் பார்த்துவிட்டு, "இது இன்னாம்மா, ரேடியோவா?" என்று கேட்டீர்கள். என் நோட்டிலிருந்து விழுந்த ஆஸ்பத்திரி அட்டையைப் பற்றியும் கேட்டீர்கள். வாயால் சொல்லாவிட்டால் எழுதிக் கொடு என்றீர்கள். நாட்குறிப்பைப் பார்த்துத் தேதிப்படி எழுதுகிறேன். எனக்குப் பேச வராது. எழுத வருகிறதா என்பதும் சந்தேகம்தான்.

2002 தை மாதம். அம்மா குவைத்தில் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள் புதியது வந்ததும் ஒதுக்கிப் போட்ட இரண்டு பெட்டிகள், அதில் ஒன்றுதான் நீங்கள் பார்த்தது. ஊருக்கு வந்த ஒரு பெண்ணிடம் அம்மா கொடுத்தனுப்பினார். திருப்பதியில் மூன்று கடைகளில் காட்டினேன். யாருக்கும் அதன் பெயர்கூடத் தெரியவில்லை. ஊரில் எவரிடமும் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது பெருமையாகத்தான் இருந்தது. படுக்கையாகவும் பிடிக்கலாம், நிமிர்த்தியும் பிடிக்கலாம். குறைகளையும் எழுத வேண்டும். திரையில் வெளிச்சம் கிடையாது, ஜன்னலுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. வேறு ஆட்டம் வாங்கவும் வழியில்லை. யாரிடமும் இல்லாத பொருளோடு யாரும் ஆட வரமாட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு மாதம் வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று என்று வைத்து நானே இருவராக ஆடினேன். இடது கை எப்போதும் தோற்றது.

பங்குனியில் உங்கள் தங்கை பிரமிளா என் அறைக்குத் தங்க வந்தாள். கார்வேட்டிநகரத்தில் நீங்கள்தான் பஸ் ஏற்றிவிட்டீர்கள். திருச்சானூரில் நான் வரவேற்பு மேஜையில் இருக்கும் அதே லாட்ஜில் அவளுக்குப் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலை.

"உங்கம்மா குவைத்துலருந்து தங்கம் அனுப்பும்னு பாத்தா, சோப்பு டப்பா அனுப்பிக்கீதே" என்றாள். அன்றே என்னை இரண்டு முறை தோற்கடித்தாள்.

இரண்டு பெட்டிகளையும் சேர்க்கும் கேபிள் முழங்கை நீளம்தான். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தால்தான் ஆட முடியும். திரையில் மேலிருந்து கட்டைகள் விழும், அடுக்க வேண்டும். தினமும் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை. அதன் பிறகு நான் ஷேர் ஆட்டோவில் திருப்பதிக்கு ஆங்கில வகுப்புக்குப் போய்விடுவேன்.

"ஏய் சுமித்ரா, இம்மாம் படிச்சிக்கினு என்னான்ட தோக்குறியே, வெக்கமா இல்ல?"

இதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். என் பெயரைச் சொல்லி ஒருவர் கேலி செய்து ஏழு வருஷம் ஆகியிருந்தது, அம்மா குவைத் போனதிலிருந்து.

அவளுக்கும் குவைத் போக ஆசை. ஏஜெண்ட் கோவர்த்தனன் எடுக்கச் சொன்ன எக்ஸ்ரேயில் ஏதோ புள்ளி தெரிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்து அட்டை வாங்கி வரச் சொன்னார். அட்டை தபாலில் லாட்ஜுக்கு வந்தது ஜூன் 19, புதன்கிழமை. செவ்வாய் என்று எழுதி அடித்திருக்கிறேன், புதன்தான் சரி.

தெலுங்கில் இருந்தது. உங்கள் தங்கை தெலுங்கைத் தண்ணீர் மாதிரிப் பேசுவாள், ஆனால் படித்தது தமிழ் மீடியம். எழுத்து தெரியாது. நான் ஐந்தாவதுக்குப் பிறகு தெலுங்கு மீடியம்.

"இன்னாடி எய்திக்கீது? சத்தமா படி."

பெயரைப் படித்தேன். வயதைப் படித்தேன். பிறகு "க்ஷய, பாசிட்டிவ்" என்று படித்தேன்.

"அட்சயாவா? அட்சய திருதியை அட்சயாவா? அதுல பாசிட்டிவ் வேறயா! அப்ப பாஸுடி! குவைத்துல உங்கம்மாவப் பாத்து, உம்பொண்ணு தோத்துக்கினே கீதும்மான்னு சொல்றேன் பாரு."

தெலுங்கில் க்ஷய என்றால் நாம் டி.பி. என்பது. க்ஷயம் தேய்வது, அட்சயம் தேயாதது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்தத் தவற்றைச் செய்தவள் அவள். அட்டையில் இன்னொரு வரியும் இருந்தது, உடனே மருந்து தொடங்க வரவேண்டும் என்று. அதைப் படிக்குமுன் அவள் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டாள்.

நான் யோசிக்காமல் எதையும் செய்கிறவள் இல்லை. நோய் என்று தெரிந்தால் லாட்ஜில் அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள், நீங்கள் ஊருக்கு அழைத்துப் போவீர்கள். குணமானால் குவைத் போவாள். விசாவுக்குக் காத்திருப்பவர்கள்தான் இருந்த இடத்தில் இருக்கிறார்கள். ஏஜெண்ட் ஆபீஸ் என் வகுப்புக்குப் பக்கம் என்பதால் அட்டையை நானே கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். பிரமிளா மனம் மாறிவிட்டாள் என்று கோவர்த்தனனிடம் சொன்னேன். விசா வரும் என்று அவளிடம் சொன்னேன். "எப்போ?" என்று கேட்பாள். "வரும்" என்பேன்.

ஜூலை 8: அவள் ஜெயித்தது நான்கு, நான் மூன்று. இருமல் பதினொன்று. அக்டோபர் 2: அவள் ஒன்று, நான் ஆறு. இருமலை எண்ண முடியவில்லை. எதையும் முழுதாகக் குறிப்பது என் பழக்கம். சாயங்காலங்களில் அவள் தோள் சுடும். மழைக்காலத்தில் அது இதமாக இருந்தது என்று எழுதியிருக்கிறேன். கார்த்திகையில் அவள் விரல்களுக்கு வேகம் போய்விட்டது. நான் வேண்டுமென்றே தோற்றேன். அது அவளுக்குத் தெரியாது.

மார்கழியில் தலையணையில் ரத்தம் வந்தது. நீங்கள் வந்தீர்கள். ஆறு மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால் மாத்திரையிலேயே சரியாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது உங்கள் பக்கத்தில்தான் நின்றேன். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். அட்டையில் க்ஷய என்பதற்கு அடுத்து இன்னொரு சொல் இருந்தது. வியாதி. தமிழிலும் தெலுங்கிலும் அது ஒரே சொல், காதில் விழுந்திருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டுதான் படித்தேன். அவள் தப்பாகக் கேட்பதற்கு முன்பே விரல் அங்கே இருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாதே, பின் எதற்கு மறைத்தேன் என்று பலமுறை யோசித்தேன். என்னிடமிருந்து மறைத்திருக்கலாம்.

அவள் விளையாட்டுப் பெட்டியை நீங்கள் எடுத்துப்போக வேண்டாம், அண்ணா. தனியாக அது எதற்கும் உதவாது. அறைக்குக் கங்கம்மா என்று புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், சத்தியவேடு பக்கம், தமிழ் மீடியம். பாவம், அவளுக்கும் தெலுங்கு வாசிக்கத் தெரியாது. கடிதம் ஏதாவது வந்தால் நானே படித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.