தேய்ச்ச படம்

கட்டியைக் காணாம அடிச்சுட்டாங்க தம்பி. வெட்டி எடுத்து இல்ல, படத்துல. ஆளு உடம்புல அது பாட்டுக்கு இருந்துச்சு.

இங்கதான். அந்தக் கதவுக்குப் பின்னாடி இருக்கிற ஸ்கேன் ரூம்லதான். கேட்டீங்கன்னுதான் சொல்றேன், முகத்தை அப்படி வச்சுக்காதீங்க. ஊசி போட்டாச்சுல்ல, இன்னும் முக்கா மணி நேரம் இந்த நாற்காலியிலதான் கிடக்கணும். காலை ஆட்டாதீங்க. ஆட்டினா மருந்து தசையில போய் உக்காந்துக்கும்.

கட்டி இருந்தா மருந்தை இழுத்துக்கும், மருந்து சேர்ற இடம் படத்துல கறுப்பாத் தெரியும். ஆனா மெஷின் கொடுக்கிற படம் மணலை வாரி இறைச்ச மாதிரி இருக்கும். அதைக் கம்ப்யூட்டர்ல தேய்ச்சு வழவழப்பாக்கணும். ஃபில்டர்னு பேரு. எவ்வளவு தேய்க்கணும்னு ஒரு எண் கொடுக்கணும். கம்மின்னா மணலெல்லாம் கட்டி மாதிரி தெரியும். அதிகம்னா கட்டியும் மணலோட கரைஞ்சிடும். அவ்வளவுதான், இதுல என்ன பெரிய வித்தை?

டாக்டரா? அவருக்கு எண்ணாவது மண்ணாவது. படம் வெண்ணெய் மாதிரி இருந்தாப் போதும். எண் வைக்கிறது டெக்னீஷியன். அப்ப ஒருத்தன் இருந்தான். முப்பது வருஷ சர்வீஸ். யார் வாயைத் திறந்தாலும் எனக்குத் தெரியாததான்னு கேப்பான். அந்த மேதாவி, பழைய நோயாளிங்க நாப்பது பேர் படத்தை எடுத்து, கட்டி பளிச்சுன்னு தெரியுற வரைக்கும் தேய்ச்சுப் பார்த்துட்டு, பன்னெண்டுன்னு வச்சான்.

தப்பு புரியலையா? நாப்பதும் ஏற்கெனவே கண்டுபிடிச்ச கட்டி. ஒவ்வொண்ணும் எலுமிச்சங்காய் அளவு. தவறவிட்ட சின்னது அதுல எப்படி இருக்கும்?

ஒருத்தி சொன்னா. கூட வேலை பார்த்தவ, கண்ணாடின்னு கூப்பிடுவோம், அவ்வளவு தடிச்ச கண்ணாடி. ஆளுக்குப் பதிலா தண்ணி டிரம்மை வச்சு, அதுக்குள்ள பட்டாணி அளவு உருண்டையில மருந்து அடைச்சு வச்சு, தெரியுதான்னு பார்ப்போம் சார்னு சொன்னா. பட்டாணி விக்கப் போறியான்னு கேட்டான். எல்லார் முன்னாடியும். எல்லாரும் சிரிச்சாங்க.

அப்புறம் ரிட்டயர் ஆனான். நெஞ்சுல ஏதோ சந்தேகம்னு அவனே வந்து இந்த மெஷின்ல படுத்தான். ஒண்ணுமில்லைன்னு ரிப்போர்ட். தன் படத்தைத் தானே பார்த்து, எவ்வளவு சுத்தம்னு வேற பீத்திக்கிட்டான். ஆறு மாசம் ஜம்முனு சுத்தினான், மடையன்.

எப்படிக் கண்டுபிடிச்சாங்களா? மறுபடி ஊசி கூடப் போடலை. தேய்க்காத படம் கம்ப்யூட்டர்லயே கிடந்துச்சு. அவன் ஸ்கேன் எடுத்துட்டுப் போனப்புறம் டிரம்மை வச்சுப் பார்த்து எண்ணை அஞ்சுக்கு இறக்கிட்டாங்க. ஒண்ணுமில்லைன்னு அனுப்பின படத்தையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து, திரும்ப அளவாத் தேய்ச்சாங்க. இவன் படத்துல இடது நுரையீரல் அடியில, பட்டாணி.

இப்ப எப்படி இருக்கானா? ஆறு மாசத்துல வேற எங்கயாவது பரவியிருக்கான்னு இன்னிக்குத்தான் தெரியும். அதான் காலை ஆட்டாம உக்காந்திருக்கேன்.

என்னத்துக்கு எழுந்திரிக்கிறீங்க, உக்காருங்க. கதவு திறந்தது எனக்கு. நீங்க தைரியமாப் படுங்க, எண் அஞ்சுதான். வச்சது நான் இல்ல. அதோ, பட்டன் போடாத கோட்டுல நின்னு என்னை முறைக்கிறா பாருங்க, கண்ணாடி. அவ.