கூடவே வளர்கிற எதிரி

வீடியோ கேம் விளையாடிச் சம்பளம் வாங்கினவன் நான். சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள் சார், முதல் நாள் எனக்கே சிரிப்பு வந்தது. முப்பத்தெட்டு வயதில், ஒற்றைக் கண்ணோடு, கல் உடைத்துக் காய்ப்பேறிய கையோடு ஒருத்தன் ஏசி அறையில் உட்கார்ந்து பொம்மைச் சண்டை போடுகிறான் என்றால் யாருக்குத்தான் வராது.

சேர்த்துவிட்டது என் தம்பி. அந்தக் கம்பெனியில் அவன் செய்தது தராசு பிடிக்கிற வேலை. எதிரி எத்தனை அடியில் விழ வேண்டும், நாம் எத்தனை அடியில் விழ வேண்டும், எவ்வளவு பாடுபட்டால் ஒரு லெவல் ஏற வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்கிறவன் அவன்தான். ஒன்றும் தெரியாத ஒருத்தனை விளையாடவிட்டு, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறான் என்று பார்க்க அவர்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. “எங்கண்ணனை விட ஒண்ணும் தெரியாத ஆள் உங்களுக்கு எங்க தேடினாலும் கிடைக்காது” என்று சொல்லி என்னைக் கூட்டிப்போய் நிறுத்தினான். அன்றிலிருந்து அந்த ஆபீஸில் என் பெயர் ‘மலை’. உருவத்துக்காகவா, மண்டைக்காகவா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது உங்களுக்கு விளங்கும். அது ஒரு பெரிய உலகம். காடு, ஆறு, ஊர், கோட்டை எல்லாம் உண்டு. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம், கேட்க ஆள் கிடையாது. ஆனால் ஆரம்பத்தில் கையில் இருப்பது ஒரு தடி. ஓநாய் வந்தால் ஓட வேண்டியதுதான். மெல்ல மெல்ல அடித்துப் பழகி, நூறு ஓநாய் விழுந்தால் ஒரு லெவல் ஏறும். அப்புறம் அதே ஓநாய் ஒரே தட்டில் சுருண்டுவிடும். கூட இருந்த பையன்கள் எல்லாம் ‘நத்தை மாதிரி ஏறுது’ என்று புகார் எழுதிக் கொடுப்பார்கள். நான் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: ‘வேகம் சரி.’ பாடுபட்டால் பலன் அப்படியே கைக்கு வருகிற ஓர் இடத்தை நான் என் ஆயுளில் அங்கேதான் பார்த்தேன்.

எங்கள் அப்பா பாறை சரிந்து செத்துப்போனபோது எனக்குப் பதினொன்று, சின்னவனுக்கு நாலு. அம்மா அதற்கு முன்பே இல்லை. அப்பாவின் சம்மட்டியை என் கையில் கொடுத்தவர் குவாரி மேஸ்திரி. பித்தளை பக்கிள் வைத்த பெல்ட் கட்டியிருப்பார். உடைத்த ஜல்லியில் ஒரு கூடை குறைந்தால் பெல்ட் இடுப்பிலிருந்து உருவப்படும். வார் பக்கம் அடித்தால் கோபம், பக்கிள் பக்கம் அடித்தால் அன்றைக்கு அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். நான் வேகமாக உடைக்கக் கற்றுக்கொண்டால் கூடையைக் கூட்டிவிடுவார். தம்பி கொட்டகை நிழலில் உட்கார்ந்து படிப்பான். ஒரு தடவை அவன் தண்ணீர்ப் பானையை எட்டி உதைத்து உடைத்துவிட்டான். அந்த அடியையும் நான்தான் வாங்கினேன், என் முதுகில் பக்கிள் அச்சு இன்னும் இருக்கிறது. வேண்டுமானால் சட்டையைக் கழற்றுகிறேன்.

இதையெல்லாம் பேச்சுவாக்கில் அவனிடம் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் வந்து, “அண்ணே, முதல் ஊருக்குக் கிழக்கால ஒரு குவாரி கட்டியிருக்கேன். உனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காரு, போய்ப் பாரு” என்றான். போனேன். பெல்ட்டோடு நின்றுகொண்டிருந்தார். அதே தொந்தி, அதே நடை. என் லெவல் மூன்று. ஒரே வீச்சில் கீழே விழுந்தேன்.

நான் அவசரப்படவில்லை. ஐந்து வாரம் மற்ற இடங்களில் உழைத்தேன். இருபத்திரண்டாவது லெவலில் திரும்பி வந்தேன். இரண்டு அடி சார். இரண்டாவது அடிக்கு அவர் மண்டியிட்டு விழுந்தார். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நிஜ மேஸ்திரி ஒன்பது வருடத்துக்கு முன்னால் படுக்கையில், தூக்கத்தில், சுகமாகச் செத்துப்போனவர். நான் போய் அவரை அடிப்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே இடம் என் தம்பி கட்டிய அந்தக் குவாரிதான். அப்புறம் தினமும் வேலை முடிகிற நேரத்தில் ஒரு நடை அங்கே போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

ஒரு திங்கட்கிழமை போனபோது மூன்று வீச்சில் என்னைப் படுக்கவைத்தார். மறுபடி போனேன், மறுபடி படுத்தேன். பின்னால் ஒருத்தன், “டேய், மலை சரிஞ்சிருச்சுடா” என்றான். கேன்டீனில் தம்பியைப் பிடித்தேன்.

“என்னடா பண்ணி வெச்சிருக்க?”

“கேமை மாத்தி புது பேட்ச் விட்டிருக்கோம்ணே. இனிமே எதிரிங்களும் நம்ம கூடவே வளருவாங்க. நீ இருபத்திரண்டுன்னா அவரும் இருபத்திரண்டு.”

“எதுக்கு?”

“கண்ட இடத்துலயும் சுத்தி அடிச்சுட்டு பாதிக் கதையிலயே எல்லாரும் பயில்வான் ஆயிடறாங்க. கடைசி ராட்சசன் ரெண்டு தட்டுல படுத்துடறான். சப்புன்னு இருக்குன்னு புகார் மேல புகார்.”

“பாடுபட்டவன் ஆகட்டுமேடா. திரும்பி வந்து ஒரு தடவையாவது ஊதித் தள்ள வேணாமா?”

“ஊதித் தள்ளினா அதுல என்னண்ணே இருக்கு? கஷ்டம் இருந்தாத்தான் சுவாரசியம்.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தன் தட்டிலிருந்த முட்டையை என் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டேதான் சொன்னான்.

அதை நான் இரண்டு வாரம் மென்றுகொண்டிருந்தேன். அவன்மேல் கோபம் இல்லை. அவர்கள் விளையாட்டில் ஒரு பழக்கம் உண்டு. பலசாலி ஒருத்தன் முன்னால் போய் எல்லா அடியையும் வாங்குவான், எல்லா எதிரியையும் சாய்ப்பான். பின்னால் சும்மா நடந்து வருகிறவனுக்கும் லெவல் ஏறும். சுமந்து ஏற்றுவது என்பார்கள். அப்படி ஏறினவனைத் தனியாக விட்டால் ஒரு ஓநாய்க்குத் தாங்கமாட்டான். என் தம்பியை நான் அப்படித்தான் ஏற்றியிருக்கிறேன். பள்ளிக்கூடம், காலேஜ், ஏசி அறை எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது நான் உடைத்த ஜல்லி. கஷ்டம் எது என்று தெரியாமலே கஷ்டத்துக்கு நம்பர் போடுகிற நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டான். தப்பு என்னுடையது. திருத்த வேண்டியதும் நான்தான்.

நாலு நாள் சேர்ந்தாற்போல லீவு வந்தது. “பழைய குவாரியைக் காட்டுறேன் வா, உன் வேலைக்கு உதவும்” என்றேன். ஆசையாக வந்தான். அது மூடிக் கிடக்கிற குவாரி. மேலே கல் அரைக்கிற கிரஷர் துருப்பிடித்து நின்றது, கீழே அறுபது அடிப் பள்ளம், ஆள் நடமாட்டம் இல்லை. பாறையில் அடித்திருந்த இரும்பு முளையில் கிரஷர் சங்கிலியைக் கோத்து அவன் காலில் பூட்டினேன். அப்போதும் சிரித்தான். “என்னண்ணே, டுடோரியலா?”

“ஆமா” என்றேன். “மொத்தம் பத்துப் படி. முதல் படி மூணு கூடை, ஒண்ணரை இன்ச் ஜல்லி. பத்தாவது படி முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிடலாம்.”

நான் சொன்ன சொல் மாறுகிறவன் இல்லை. பத்து முடித்திருந்தால் கூட்டிப்போயிருப்பேன்.

முதல் கூடைக்குள் அவன் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. கல்லுக்கு ஓட்டம் உண்டு சார், மரத்துக்கு நார் போல. அதைப் பார்த்து அடித்தால் பிளக்கும், குறுக்கே அடித்தால் கை எலும்புதான் அதிரும். அவன் குறுக்கேயே அடித்தான். சிரிப்பு நின்றது இரண்டாவது கூடையில். “போதும்ணே, புரிஞ்சுருச்சு” என்றான். புரிந்தது என்று சொல்கிறவனுக்குப் புரிந்திருக்காது. பெல்ட்டை உருவினேன். அதே மாதிரி பக்கிள் தேடி ஆறு கடை ஏறி வாங்கியது. முதல் நாள் வார் பக்கம் மட்டும்தான், அதுவும் தோளுக்குக் கீழே. அவனவன் லெவலுக்கு ஏற்ற அடி. அந்த நிதானத்தை நான் ஒரு நிமிடம்கூடத் தவறவிடவில்லை.

அன்று சாயங்காலம் முதுகுச் சட்டை தோலோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் நனைத்துப் பக்குவமாகப் பிரித்தெடுத்தேன்.

இரண்டாம் நாள் அவன் ஓட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டான். மதியத்துக்குள் நாலு கூடை. எனக்குப் பெருமையாக இருந்தது. உடனே ஆறாக்கினேன். ஆறு வந்ததும் எட்டு. அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“இப்படி ஏத்திக்கிட்டே போனா எப்பண்ணே முடியும்?”

“இதையேதான்டா நானும் உன்கிட்ட கேட்டேன்.”

“போனைக் குடுண்ணே. இப்பவே சொல்லி அந்த நம்பரை மாத்திடறேன். சத்தியமா.”

அடிக்குப் பயந்து மாற்றுவதை மாற்றம் என்று சொல்லமுடியாது. அந்த வார்த்தைக்காகப் பக்கிள் பக்கம் ஒன்று கொடுத்தேன், விலாவில். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அன்று எட்டுக் கூடையும் முடித்தான்.

அன்றைக்குத்தான் அவன் மனைவி எனக்குப் போன் செய்தாள்.

“மாமா, அவர் போன் எடுக்கவே மாட்டேங்கிறாரு. உங்க கூடத்தானே இருக்காரு?”

“எங்கூடத்தாம்மா இருக்கான். வேலை கத்துக்கறான்.”

“அப்ப சரி. உங்க கூடன்னா எனக்கு ஒரு பயமும் இல்ல. தொப்பி போட்டுக்கச் சொல்லுங்க மாமா, வெயில் அவருக்கு ஆகாது.”

போய் ஒரு தொப்பி வாங்கி வந்து போட்டுவிட்டேன். நான் அவளிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் ஒரு சில்லு தெறித்து அவன் கண்ணில் ஏறியது. இடது கண். எனக்குப் போனதும் இடதுதான், பதினாறு வயதில். அவனுக்கு முப்பத்தொன்று. பதினைந்து வருடம் பின்தங்கியிருந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையைக் கட்டிவிட்டுச் சில்லைக் குறட்டால் எடுத்தேன். கத்தினான். அப்புறம் கட்டை அவிழ்த்துச் சுத்தியலைக் கையில் வைத்தேன். விரல் மடங்கவில்லை, துணி சுற்றிக் கட்டிவிட்டேன். ரொட்டியைப் பிய்த்து வாயில் ஊட்டினேன். இரண்டு வாய் தின்றுவிட்டு, “நீ சாப்பிட்டியாண்ணே?” என்றான். நான் பதில் சொல்லவில்லை. மேஸ்திரி எங்களிடம் பேச்சுக்கொடுத்ததே கிடையாது.

வெளியே போக வழியே வைக்காமல் அடைத்துவிட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வழி இருந்தது. முளையைச் சுற்றியிருந்த பாறையில் மேற்கே ஓடுகிற ஒரு கோடு இருக்கிறது. அதைப் பார்த்து அரை நாள் அடித்தால் முளை கையோடு வந்துவிடும். நேர்மையான விளையாட்டில் ஒரு வழி இருந்தே ஆக வேண்டும். நான் அதை மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை.

நான்காம் நாள் காலை ஆறாம் படி. சம்மட்டியால் குத்துக்கல்லை உடைக்க வேண்டும். எட்டு அடி அடித்தான். ஒன்பதாவதுக்குத் தூக்கும்போது முழங்கால் மடங்கியது. இரண்டு வீச்சு கொடுத்தேன், எழுந்தான். மறுபடி விழுந்தான். வாயோரத்தில் ரத்தம் நுரையாக வந்துகொண்டிருந்தது. விலா எலும்பு நுரையீரலில் ஏறியிருக்க வேண்டும், உங்கள் டாக்டர் சொல்வார். ஐந்தாவது தடவை எழுந்து நின்று, “அண்ணே, இது எத்தனாவது?” என்று கேட்டான்.

“ஆறு.”

“இன்னும் நாலுதான்” என்று சொல்லிச் சம்மட்டியைத் தூக்கினான். பாதிக்கு மேல் கை ஏறவில்லை. நான் பெல்ட்டை வீசினேன். முதுகுக்குக் குறிவைத்தது, அவன் சாய்ந்ததால் பக்கிள் காதுக்கு மேலே விழுந்தது. முட்டை ஓடு உடைகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் எழவில்லை. எழுவான் என்று இன்னும் பத்துப் பன்னிரண்டு கொடுத்தேன். ஆக, கொன்றது நான்தான். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன். அவன் பாக்கி வைத்த அந்தக் குத்துக்கல்லையும் நானே உடைத்து முடித்துவிட்டுத்தான் உங்களுக்குப் போன் செய்தேன்.

அவன் என்னைத் திருப்பி அடித்தானா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். இல்லை. சுத்தியல் நாலு நாளும் அவன் கையில்தான் இருந்தது. நான் சங்கிலி எட்டுகிற தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். மதிய வெயிலில் அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்துத் தூங்கியும் இருக்கிறேன். ஒருநாள் கண் விழித்துப் பார்த்தால் என் தலைக்கு நேரே நின்றுகொண்டிருந்தான், கையில் சுத்தியல், தன் நிழல் என் முகத்தில் விழும்படி. வெயில் நகர நகர அவனும் நகர்ந்து நின்றிருக்கிறான், தரையில் காலடித் தடம் இருந்தது. ஒரே ஒரு அடி போதும். பதினொரு வயதில் எனக்கு அந்த மாதிரி ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் மேஸ்திரியை விட்டிருப்பேனா? அவன் ஓங்கக்கூட இல்லை. பாவம், கடைசிவரைக்கும் அவன் அந்த லெவலுக்கு வரவே இல்லை சார்.