தபஸ்ஸுமின் கதைக்குள் இருந்தவர்

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, பள்ளியின் பாரத்தைத் தோளில் சுமந்தும் அதை முகத்தில் காட்டாத தலைமையாசிரியர் அவர்களே, ஆம்பூரில் தோலும் தொழிலும் தழைக்கத் தம் இளமையைத் தந்த பெரியவர்களே, ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடித்து, விரலில் பசை காய்வதற்குள் பிள்ளைகளின் புத்தகம் வெளிவருகிறதென்று ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டே கேட்பேன் என்று அடம்பிடிக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் எல்லோர் மீதும் அமைதி நிலவட்டும் என்று வேண்டி, உங்கள் ஜஹீருன்னிசா டீச்சர் வணங்குகிறேன்.

தமிழாசிரியை மேடை ஏறினால் தமிழின் பெருமையைப் பேசுவாள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று அதைப் பேசப் போவதில்லை. எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதி, இந்த மேடையில் வெளியாகும் சிறுகதைத் தொகுப்பின் கடைசிக் கதையைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்தக் கதையைக் கேள்விப்பட்டு, கதை வகுப்பையே நிறுத்திவிடுங்கள் என்று எனக்குப் புத்தி சொன்ன நல்லவர்களும் இங்கே இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன், தைரியமாக உட்காருங்கள்.

பேய்க் கதையா டீச்சர் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கிறது. பேயாக இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன், தம்பி.

கதையைக் கற்றுக்கொடுக்க முடியுமா? இலக்கணத்தைக் கற்றுக்கொடுக்கலாம், இலக்கியத்தைக் கற்றுக்கொடுக்கலாம், கதையைக் கற்றுக்கொடுக்க முடியுமா? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். முதலில் படிக்கச் சொல்வேன். படித்து முடித்ததும் இதன் நீதி என்ன என்று கேட்கவே மாட்டேன். கதையில் ஒரு கதவு திறந்தால், யார் திறந்தார், ஏன் திறந்தார் என்று கேட்பேன். அதற்குப் பிறகு எழுதச் சொல்வேன். உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற ஒரு வழக்கத்தை எடுங்கள், அதற்கு ஒரு காரணத்தை நீங்களே கற்பனை செய்யுங்கள், அதுதான் உங்கள் கதை என்பேன்.

சௌம்யா என்றொரு பெண். அவள் அப்பாவுக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. ரயில் ஊதும் சத்தம் கேட்டால் போதும், சோற்றில் கை வைத்தபடியே மனிதர் கடிகாரத்தைப் பார்ப்பாராம். அந்த ரயிலில் மாமியார் வந்துவிடுவாரோ என்கிற பயம்தான் காரணம் என்று எழுதியிருந்தாள். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் தபஸ்ஸும் எழுந்து நின்றாள்.

தபஸ்ஸும் அதிகம் பேசாத பெண். அவள் எடுத்துக்கொண்ட வழக்கம் இது. அவள் அப்பா எதையும் தட்டாமல் சுவிட்ச் போடமாட்டார். மிக்ஸியைத் தட்டுவார், வாஷிங் மெஷினைத் தட்டுவார், கிணற்று மோட்டாரின் தகரப் பெட்டியைத் தட்டுவார். தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். சத்தம் ஒன்றும் வரவில்லை என்று உறுதியான பிறகே சுவிட்சில் கை வைப்பார். 'எல்லா வீட்லயும் அப்பாங்க அப்படித்தான்னு நெனச்சேன் டீச்சர்' என்றாள்.

அதற்கு அவள் கற்பனை செய்த காரணத்தைக் கேளுங்கள். தோல் பதனிடும் ஒரு டேனரி. தோலைப் போட்டுச் சுழற்றுகிற பெரிய மர டிரம். வேலை முடிந்ததும் அதற்குள் ஒருவர் இறங்கிச் சுத்தம் செய்கிறார். சுவிட்ச் இருப்பது மறுபக்கம், அங்கிருந்து பார்த்தால் டிரம்மின் வாய் தெரியாது. அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. சுவிட்ச் போடுகிறவர் மரத்தைத் தட்ட வேண்டும், உள்ளே ஆள் இருந்தால் அவர் பதிலுக்குத் தட்ட வேண்டும். கதையில் சுவிட்ச்காரர் தட்டுகிறார். உள்ளேயிருந்து பதிலுக்கு ஒரு சத்தம் வருகிறது. மேலே ஒட்டியிருந்த ஈரத்தோல் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார். சுவிட்சைப் போட்டுவிடுகிறார். அத்துடன் கதை முடிந்துவிடுகிறது.

எங்கள் வகுப்பில் இன்னொரு முறை உண்டு. கதையைப் படித்து முடித்தால் நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்லக் கூடாது. கதையில் வருகிறவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், எழுதியவர் அந்த ஆளாகவே மாறி உடனே பதில் சொல்ல வேண்டும். பிரேம்குமார் எழுந்தான். டிரம்முக்குள் இருந்தவரிடம் அவன் கேட்டான்: 'நீங்க தட்டினப்போ வாயால இன்னா சொன்னீங்க?'

தபஸ்ஸும் யோசிக்கவே இல்லை. 'இருப்பா, இன்னும் கால் எடுக்கல' என்றாள். குரல் அவளுடையதுதான். ஆனால் அந்த வார்த்தைகளை ஒரு நடுவயது ஆண் எப்படி இழுத்துச் சொல்வாரோ அப்படிச் சொன்னாள். பிரேம்குமார் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான்.

'எங்க அப்பா பேச்சு டீச்சர்' என்றான். 'நான் விளையாட்டா கதவைச் சாத்தினா அவர் இதையேதான் சொல்வார்.'

அவன் அப்பா சம்பத் ஒரு டேனரியில் வேலை செய்தவர். பிரேம்குமார் சிறுவனாக இருந்தபோதே இறந்துபோனார். டேனரி கேட்டுக்கு வெளியே மாரடைப்பு வந்து விழுந்துவிட்டார் என்றுதான் அவர் மனைவி தனகோடி அம்மாவிடம் சொன்னார்கள். அந்த டேனரி பிறகு மூடப்பட்டு, இன்று சுற்றுச்சுவருக்குள் முள்மரம் மண்டிக் கிடக்கிறது. தபஸ்ஸுமின் அப்பா ஜியாவுல்லா பாய் வேலை செய்ததும் அதே இடத்தில்தான். அவர் தன் வீட்டில் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு அந்த வார்த்தைகளை யார் கொடுத்தார்கள்? தூக்கத்தில் தகப்பன் பிதற்றியதைக் கேட்டாளா? கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை, விளங்கிவிட்டதாக நடிக்கவும் மாட்டேன்.

மறுநாள் தபஸ்ஸும் என்னிடம் வந்து கேட்டாள்: 'டீச்சர், நான் எழுதினதாலதான் அது நடந்துச்சா?' தாய்மார்களே, எத்தனையோ பிள்ளைகள் எத்தனையோ சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. அவளை அணைத்துக்கொண்டு அழுதேன். இல்லை கண்ணு, நடந்ததுதான் உன்னைத் தேடி வந்திருக்கிறது என்று பிறகுதான் சொன்னேன்.

மகள் வீட்டில் சொன்னதைக் கேட்டு, அன்று மதியமே ஜியாவுல்லா பாய் பள்ளிக்கு வந்தார். வகுப்பறைக் கதவு திறந்தே இருந்தது. இருந்தாலும் தட்டிவிட்டுக் காத்து நின்றார். உள்ளே வந்து பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்தார். 'யாரும் எம் பொண்ணுக்குச் சொல்லல டீச்சரம்மா. வெளிய சொல்லக் கூடாதுன்னு கம்பெனிக்காரங்க எங்க வாயைக் கட்டிட்டாங்க. நான் தட்டினேன், சத்தம் வந்துச்சு, தோல்னு நெனச்சேன். அந்தம்மா கிட்ட நீங்க கூட வர்றீங்களா? தனியா போக எனக்குத் தெம்பு கம்மி' என்றார்.

போனோம். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். தனகோடி அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில் கேட்டார்: 'அவர் தட்டினாரா?'

'தட்டினார்மா.'

'நெஞ்சு வலியில தானா போய்ட்டாருன்னு நெனச்சிருந்தேன். அவர் கூப்ட்டிருக்கார்' என்றார். 'மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு வர்ல பாய். அதைக் கேக்காதீங்க.'

கேட்க மாட்டேன் என்று பாய் தலையை ஆட்டினார்.

இப்போது சொல்லுங்கள், பெரியவர்களே. இந்த வகுப்பை நிறுத்த வேண்டுமா? கதை படித்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்றீர்கள், கதை எழுதினால் மனம் கலங்கும் என்றீர்கள். கலங்கியது, மறுக்கவில்லை. ஆனால் மூடியது யார்? முள்மரத்துக்கு அடியில் உண்மையைப் போட்டு மூடியவர்கள் பெரியவர்களா, பிள்ளைகளா? நீங்கள் மறைத்ததைப் பிள்ளைகள் மறந்துவிடுவதில்லை, அவர்கள் அதோடு சேர்ந்தே வளர்கிறார்கள். மிக்ஸிச் சத்தத்தில் வளர்கிறார்கள், மோட்டார்ச் சத்தத்தில் வளர்கிறார்கள், தகப்பன் காதைச் சாய்த்து நிற்கிற அந்த அமைதியில் வளர்கிறார்கள். அதைச் சொல்வதற்கு ஒரு கதையைக்கூட அவர்கள் கையில் கொடுக்காவிட்டால் நாம் எதற்கு ஆசிரியர்கள்? இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதையும் மறைக்கவில்லை.

கைதட்டாதீர்கள், இன்னும் முடியவில்லை. இதையெல்லாம் மேடையில் சொல்லச் சொன்னவர்களே ஜியாவுல்லா பாயும் தனகோடி அம்மாவும்தான். முன்வரிசையின் இந்த ஓரத்தில் ஒருவரும் அந்த ஓரத்தில் ஒருவருமாக அமர்ந்திருக்கிறார்கள்.

புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன் தனகோடி அம்மா பள்ளிக்கு வந்தார். 'அந்தக் கதைய எடுத்துறாதீங்க டீச்சர். உள்ள இருந்தவருக்கு அதுல பேர் இல்லியாம், பையன் சொன்னான். சம்பத்துன்னு வெச்சிடுங்க' என்றார். ஜியாவுல்லா பாய்க்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வந்து, மகளிடம் நேராகச் சொன்னார்: 'சுவிட்ச் போட்டவனுக்கும் பேர் வெச்சிடு மா. என் பேரையே வெய்யி.'

தபஸ்ஸும் முதலில் சம்பத் என்று எழுதினாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் பார்வையை எடுக்கவில்லை. ஜியாவுல்லா என்று எழுதினாள்.

தலைவர் அவர்களே, நூலை வெளியிடும்போது அந்தக் கடைசிக் கதையை இரண்டு பெயர்களோடும் உரக்கப் படியுங்கள். பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாய்மார்களுக்கும், இந்தக் கதையைச் சுமந்த இரண்டு பிள்ளைகளுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியைச் சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.